அனுமதிப்பத்திரமும் அதிகாரியின் கடமையும்

செட்டிகுளத்திலிருந்து வவுனியா நகருக்குச் சென்று வருவோர் 'வைன் ஸ்ரோர்ஸ்' என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். பெயர் முந்திரிகை மதுவுக்குரியதாயினும் உள்ளே பெரிதும் விலைப்படுவன சாராயமும் பியருமே. அக்கடையின் உயிர் அனுமதிப்பத்திரம் என்னும் ஒரு தாளில் இருக்கிறது. அதனைக் கொடுக்கவும் பறிக்கவும் வல்ல அதிகாரி எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் சாராயக் குத்தகை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவர் உரிமை பெற்றார். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களுடன் இன்றும் வலுவில் உள்ளது. பெரிய வடிசாலைக்கு மட்டுமன்றி, நம் பனையிற் கள் இறக்குவோருக்கும் அச்சட்டப்படி அனுமதி வேண்டும். இதன் நுணுக்கமான விதிகளோ பாராளுமன்றத்தில் அன்று, அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தல்களிலேயே பெரிதும் பிறக்கின்றன. பெண்களுக்கு மது விற்றலை 1979இல் தடுத்தது அத்தகைய ஓர் அறிவித்தலே. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்கினார். சில நாட்களுள் சனாதிபதியின் பணிப்பினால் அந்நீக்கம் கைவிடப்பட்டது. வணிகர் எவ்வளவு விழிப்பாய் இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, அதிகாரி தவறினால் வழி என்ன? இவ்வினாவை உலகறியச் செய்தது மதுக்கடை வழக்கன்று. நம் நாட்டுத் துணிக்கடை வழக்கொன்று. யுத்தகாலத்தில் துணி கூப்பனுக்கே விற்கப்பட்டது. நக்குடா அலி என்னும் வணிகர் கூப்பன் கணக்கிற் புரட்டுச் செய்தார் எனக் கருதித் துணிக் கட்டுப்பாட்டதிகாரி அவரது அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தார். வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. 1950இல் ரட்கிளிப் பிரபு அளித்த தீர்ப்பு இரு முகங் கொண்டது. 'நியாயமான காரணம்' இருந்தாலே இரத்துச் செய்யலாம் என விதி கூறின், அக்காரணம் மெய்யாகவே இருத்தல் வேண்டும். அதிகாரியின் மன எண்ணம் மட்டும் போதாது. இது நன்று. ஆயின், அனுமதியை இரத்துச் செய்பவர் நீதிபதி போன்று செயற்படுபவரல்லர்; ஆதலின் அவரது முடிவை உறுதிகேள் எழுத்தாணையாற் கலைத்தல் இயலாது என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. வணிகர் தோற்றார்.

ஒருவரின் பிழைப்பையே பறிக்கும் முடிவு நீதியின் பாற்பட்டதன்று என்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடன்று. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் அதனை ஏற்கவில்லை. பிறைற்றன் நகரப் பொலிஸ் தலைவரை விசாரியாது நீக்கிய வழக்கில், 1963இல் ரீட் பிரபு, முந்திய தீர்ப்பு தவறான விளக்கத்தின்மேல் எழுந்தது என்றார்.

இன்று இலங்கையில் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பினது 140ஆம் உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் எழுத்தாணை வழங்கலாம். கடைக்காரர் மட்டுமன்றி, கடையால் நேரே பாதிக்கப்படும் ஊரவரும் அதனை நாடலாம். பாடசாலைக்கு அருகே மதுக்கடை வரக்கூடாதென ஒப்பம் கேட்டுப் பெற்றோர் சிலர் என்னிடம் வந்ததுண்டு. நான் ஒப்பமிட்டேன், ஆயினும், கோபச் சொற்களைக் குறைத்து, படலையிலிருந்து கடைவரையுள்ள தூரத்தை அளந்தெழுதும்படி கூறினேன். பதில் வராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி முடிவின் காரணத்தைக் கேட்கலாம். சமத்துவ உரிமை மீறப்பட்டதெனின் உயர் நீதிமன்றத்தையே நாடலாம். ஆயின், அதற்குரிய தவணை ஒரு மாதமே.