வாழையைச் சாய்ப்பது சுழற்காற்றா?

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த ‘கஜா’ புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பகுதிகளின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முறுக்கி ஒடிந்த மரத்தைக் கண்டால், புயலோடு ‘டொர்னாடோ’ எனும் சுழற்காற்றும் வந்ததோ என்று எண்ணத் தோன்றும். ஒரு பக்கம் கிளை கனத்த மரம் நேர்காற்றிலும் முறுக்கிக்கொள்ளும்.

புயல் பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ளது. பல நாள் நீடிக்கும். சுழற்காற்றோ ஒற்றை இடிமேகத்திலிருந்து தும்பிக்கைபோல் இறங்கி, பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் இடிமழைகள் உண்டாகின்றன; சுழற்காற்றுகள் சுமார் 1,200 தான். நூற்றுக்கு ஒன்று என்று கொள்ளலாம். அங்கே உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் வெகுவாக மாறுவதால் மேகமே சுழலத் தொடங்குகிறது. கோடையில் நம் பக்கம் அந்த வேறுபாடு குறைவு.

வங்கத்தில் நிலைமை வேறு. வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 26-ல் வீசிய சுழற்காற்றுக்குச் சுமார் 1,300 பேர் பலியாயினர். புயலும் சுழற்காற்றை ஈனுவதுண்டு. 2021-ல் ‘யாஸ்’ புயல் கரை கடப்பதற்கு முதல் நாள், மே 25-ல், மேற்கு வங்கத்தின் ஹூக்ளி பகுதியில் அப்படி ஒன்று வீசியது.

சித்திரை, வைகாசியில் நம் வாழையைச் சாய்ப்பது பெரும்பாலும் இடிமேகத்தின் இறங்குகாற்றே. மழையால் குளிர்ந்து கனத்த காற்று, குடத்து நீரைத் தரையில் கவிழ்த்தாற்போல் விழுந்து நாலாபக்கமும் பாய்கிறது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தோட்டத்தைப் பார்த்தாலே தெரியும். மரங்கள் ஒரே பக்கமாகவோ விசிறிபோல விரிந்தோ விழுந்திருந்தால் இறங்குகாற்று. குறுகிய பட்டையில் ஒன்றையொன்று நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால்தான் சுழற்காற்று.

புயலுக்குச் சில நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிடும். தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடி ஓலைகளையும் இறக்கி, பாசனத்தை நிறுத்திவைக்கலாம். இடிமழைக்கு அந்த அவகாசம் கிடையாது. மேற்கே மேகம் கறுத்து மண்வாசனையோடு குளிர்காற்று வரும்போது வாழைத் தோட்டத்துக்குள் ஓடுவது ஆபத்து. ஆகவே தார் தள்ளியதுமே மண் அணைத்து, இரண்டு தைலமரக் கழிகளைக் கத்தரிபோலக் கட்டி, தார் சாயும் பக்கத்தில் முட்டுக்கொடுத்துவிட வேண்டும். கழிக்கும் மரத்துக்கும் இடையே காய்ந்த சருகு வைத்தால் தண்டு அறுபடாது.