துறுதுறுப்பு எப்போது தொடங்கியது?

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறும், பைபோலார் என்னும் இருதுருவ மனநோயும் பிள்ளைகளிடம் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் பிள்ளை ஓரிடத்தில் உட்காராது, ஓயாமல் பேசும், பாடத்தில் மனம் நிற்காது, பொசுக்கென்று கோபம் வரும். பிரித்தறிய இந்த அறிகுறிகள் மட்டும் போதாது. அவை எப்போது தொடங்கின, எப்போதும் இருக்கின்றனவா, விட்டுவிட்டு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஏ.டி.எச்.டி. சிறுவயதிலிருந்தே நாள் தவறாமல் இருப்பது. 12 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது வெளிப்பட வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வகுத்த வரையறை. இது அரிதானதும் அல்ல. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த, 6 முதல் 11 வயதுவரையுள்ள 770 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, 11.32 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நான்கைந்து பேர்!

பைபோலார் மிகவும் குறைவு. பெரும்பாலும் பதின்பருவத்தில்தான் தலைகாட்டும். அதுவரை வேறு மாதிரி இருந்த பிள்ளை திடீரென்று மாறும். மேட்டுப்பாளையத்தில், விடியும் முன்பே உருளைக்கிழங்கு மண்டிக்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரின் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்குப் பதிமூன்று வயது மகன் விளக்கைப் போட்டு, நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டிருக்கிறான். ஊட்டி மலை ரயிலை இனித் தானே ஓட்டப்போவதாகவும், கலெக்டர் சம்மதித்துவிட்டதாகவும் சொல்கிறான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பிச் சொல்கிறான். ஒரு வாரமாக மூன்று மணி நேரத் தூக்கம்தான், ஆனாலும் களைப்பே இல்லை. இதுதான் பித்துநிலை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையும் படுக்க அடம்பிடிக்கும். ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் சோர்ந்துவிடும். சில வாரம் கழித்து அதே மகன் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான், சோறு வேண்டாம் என்கிறான். பல பிள்ளைகளுக்கு இந்தச் சோர்வே முதலில் வருவதுதான் சிக்கல்.

இரண்டு கோளாறுகளுக்கும் இடையிலான எல்லையை வல்லுநர்களே தாண்டியதுண்டு. அமெரிக்காவில் 1994-95க்கும் 2002-03க்கும் இடையே இளையோருக்குப் பைபோலார் என்று பெயரிட்ட மருத்துவச் சந்திப்புகள் சுமார் 40 மடங்கு பெருகின. தீராத எரிச்சலையும் பித்துநிலை என்று எண்ணியது ஒரு முக்கியக் காரணம். அங்கே ஓர் ஆய்வுக் குழு, பித்துநிலை கொண்ட சிறுவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாகச் சொன்னது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பைபோலார் உள்ள 73 இளையோரில் மூவருக்கே ஏ.டி.எச்.டி. இருந்தது. விட்டுவிட்டு வரும் நோயாகவே பைபோலாரைப் பார்த்த பெங்களூரு அணுகுமுறைதான் நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. ஓயாத எரிச்சலுக்கு அமெரிக்கச் சங்கமும் 2013இல் தனிப் பெயர் வைத்துவிட்டது.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், பித்துநிலை அடங்காத பிள்ளைக்குத் தனியே தரப்பட்டால் நிலைமை மோசமாகலாம். மனச்சோர்வுக்கான மருந்தும் சிலருக்குப் பித்துநிலையைத் தூண்டும். இரண்டு கோளாறும் சேர்ந்திருந்தால் முதலில் மனநிலையைச் சீராக்குவதே முறை. அதற்கு லித்தியம் என்னும் மருந்து கொடுத்தால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு மாதக் குறிப்பு கையில் இருந்தால் பேருதவி: தினமும் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது, மனநிலை எப்படி இருந்தது, பள்ளியில் என்ன சொன்னார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா யாருக்காவது பைபோலார் இருந்ததா, தற்கொலை நடந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் குறிப்பு எழுதிக் காத்திருக்கக் கூடாது. அன்றே அழைத்துப் போக வேண்டும்.