உங்களுக்குத் தெரியுமா? உயரத்துக்குச் சட்டம் போட்ட ஊர்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், குன்றின் மேல் இருக்கும் சிற்றூர் சான் ஜிமிஞானோ. ஒரு காலத்தில் இங்கே 72 கோபுரங்கள் நின்றனவாம். இன்று மிஞ்சியவை சுமார் 14.

கோயில் கோபுரங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குங்குமப்பூ வியாபாரத்திலும் வட்டித் தொழிலிலும் கொழுத்த குடும்பங்கள், 'யார் பெரியவர்' என்று காட்டக் கட்டியவை. வீம்பு எல்லை மீறவே, நகர நிர்வாகத்தின் கோபுரத்தைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாதென்று 1255-இல் சட்டமே வந்தது!

1348-இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. 1353-இல் ஊர் ஃபிளாரன்ஸ் நகரத்தின் பிடிக்குள் போனது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை, அதனால் பழையது தப்பியது.

அங்கே போனால், ஊர்ச் சதுக்கத்துக் கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். கோபுரம் ஏற ஆசையா? 54 மீட்டர் உயர டோரே கிராஸா இருக்கிறது. முழங்கால் ஒத்துழைத்தால் போதும்.