நொதிக்குள் ஒரு வேலைப் பங்கீடு

உயிரணுக்களில் நிகழும் வேதிவினைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் நடத்துபவை நொதிகள். வினையை விரைவுபடுத்தினாலும் அதில் இவை செலவழிந்துபோவதில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றிவிடும். நொதிகள் புரதங்களே என்பதற்கான முதல் வலுவான சான்றை, 1926இல் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கிய அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் தந்தார்.

சில நொதிகள் ஒற்றைப் புரதச் சங்கிலியால் ஆனவை. பல நொதிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் சேர்ந்திருக்கும். அப்படிச் சேரும் ஒவ்வொரு சங்கிலியும் ஒரு துணையலகு. இவற்றுள் வினையை நேரடியாகச் செய்து முடிப்பது வினையூக்கத் துணையலகு. எப்போது செய்யலாம், எப்போது கூடாது என்று கட்டுப்படுத்துவது ஒழுங்குபடுத்தும் துணையலகு.

இந்தப் பங்கீட்டைத் தெளிவாகக் காட்டும் நொதி, புரதக் கைனேஸ் ஏ. இதில் வினையூக்கத் துணையலகுகள் இரண்டு, ஒழுங்குபடுத்தும் துணையலகுகள் இரண்டு. நான்கும் இணைந்திருக்கும்வரை நொதி செயலற்றுக் கிடக்கும். ஒழுங்குபடுத்தும் அலகின் சிறு பகுதி ஒன்று, வினை நடக்க வேண்டிய பள்ளத்துக்குள் நுழைந்து அதை அடைத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

உண்ணாதிருக்கும்போது இரத்தச் சர்க்கரை குறைகிறது. கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கல்லீரல் உயிரணுவின் மேற்பரப்பைத் தொட்டதும், உயிரணுவுக்குள் சுழல் ஏஎம்பி என்ற சிறிய மூலக்கூறு பெருகுகிறது. ஒழுங்குபடுத்தும் அலகு ஒவ்வொன்றிலும் இரண்டு சுழல் ஏஎம்பி மூலக்கூறுகள் வந்து ஒட்டுகின்றன. உடனே அந்த அலகின் வடிவம் மாறி, பிடி தளர்ந்து, வினையூக்க அலகுகள் விடுபடுகின்றன.

விடுபட்ட அலகு, ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு நொதியின் மீது பொருத்துகிறது. அந்த நொதி அடுத்ததைத் தூண்டுகிறது. முடிவில், சேமிப்பில் இருந்த கிளைக்கோஜன் உடைந்து, குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கிறது. அதே நேரத்தில் கிளைக்கோஜனைக் கட்டும் நொதியும் பாஸ்பேட் ஏற்று மந்தமாகிவிடுகிறது. ஒரு பக்கம் உடைப்பும் மறுபக்கம் கட்டலும் ஒன்றாக நடந்து உழைப்பு வீணாவது இவ்வாறு தவிர்க்கப்படுகிறது. தேவை தீர்ந்ததும் சுழல் ஏஎம்பி சிதைக்கப்படுகிறது. துணையலகுகள் மீண்டும் இணைந்து நொதி அடங்குகிறது.

சுழல் ஏஎம்பியைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்ட் 1971இல் நோபல் பரிசு பெற்றார். பாஸ்பேட் ஏற்றத்தின் மூலம் புரதங்கள் கட்டுப்படுத்தப்படுவதை வெளிக்கொணர்ந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992இல் பெற்றனர். இதற்கிடையே 1991இல் சூசன் டெய்லரின் குழு புரதக் கைனேஸ் ஏயின் வினையூக்கத் துணையலகின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. மனித உடலில் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட புரதக் கைனேஸ்களின் அமைப்பைப் புரிந்துகொள்ள அதுவே அடிப்படையானது.

கட்டுப்பாடு குலைந்தால் நேர்வது நோய். காலரா நச்சு குடல் உயிரணுக்களில் சுழல் ஏஎம்பி உற்பத்தியை நிற்கவிடாமல் செய்கிறது. வினையூக்க அலகுகள் ஓயாமல் இயங்கி, குளோரைடு வாயில்களைத் திறந்தே வைக்கின்றன. உப்பும் அதைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. காலராக் கிருமி இத்தகைய நச்சைச் சுரக்கிறது என்பதை 1959இல் நிறுவியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. வினையூக்கத் துணையலகிலேயே பிழை நேர்வதும் உண்டு. அதில் ஓர் அமினோ அமிலம் மாறினால், ஒழுங்குபடுத்தும் அலகால் அதைப் பற்றிக்கொள்ள முடியாது. அட்ரினல் சுரப்பிக் கட்டிகள் சிலவற்றில் இந்த மாற்றம் இருப்பது 2014இல் தெரியவந்தது. அவை கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுமீறிச் சுரந்து குஷிங் நோய்க்குறியை உண்டாக்குகின்றன.

வினையை விரைந்து நடத்துவது நொதியின் ஆற்றலில் பாதிதான். உரிய நேரத்தில் அடங்கியிருப்பது மறுபாதி. உடல்நலத்துக்கு இரண்டும் சம அளவில் தேவை.