பிரிண்டரை அணைத்தால் மட்டும் போதாது!

வீட்டிலேயே பிரிண்டர் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது ஏராளம். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, ஆதார் நகல், ஊருக்குப் போக ரெயில் டிக்கெட், வேலைக்கு விண்ணப்பம் என்று எதற்கெடுத்தாலும் ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டியது இல்லை.

ஆனால், அவசரத்துக்கு உதவ வேண்டிய அந்த எந்திரம் அவசர நேரத்தில்தான் சண்டித்தனம் செய்யும். பட்டனை அமுக்கினால் காகிதம் வராது. மறுபடி அமுக்கினாலும் வராது. 5 தடவை அமுக்கிப் பார்த்து விட்டு, "சனியன்!" என்று பிரிண்டரை அணைத்து விட்டு வேலைக்குக் கிளம்பி விடுவார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா, மகளின் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொள்ள வருவார். சுவிட்சைப் போட்டதும் ஹால் டிக்கெட் வராது. முந்தின நாள் அனுப்பிய சம்பளச் சீட்டு வரும். ஒன்று அல்ல, 5!

சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எந்தக் கடனுக்கு எவ்வளவு தவணை போகிறது என்பதெல்லாம் அந்த அம்மாவின் கையில்!

காகிதமும் மையும் வீணானது ஒரு நஷ்டம். வீட்டு விஷயம் வெளியே போனது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இது பிரிண்டரின் கோளாறு அல்ல. கொடுத்த உத்தரவை ரத்து செய்யாமல் விட்டதால் வந்த வினை.

எங்கே காத்திருக்கிறது?

பட்டனை அமுக்கியதும் கடிதம் நேராக பிரிண்டருக்குப் போய் விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

கம்ப்யூட்டர் வேகமாக வேலை செய்யும். பிரிண்டர் மெதுவாக வேலை செய்யும். எனவே கம்ப்யூட்டர், அச்சிட வேண்டியதை எல்லாம் முதலில் தன்னிடமே எழுதி வைத்துக் கொள்கிறது. பிறகு வரிசைப்படி ஒவ்வொன்றாக பிரிண்டருக்கு அனுப்புகிறது. இந்த வேலையைப் பார்க்கும் புரோகிராமுக்கு 'ஸ்பூலர்' என்று பெயர்.

ஸ்பூல் என்றால் நூல் சுற்றும் கட்டை. சுற்றி வைத்த நூலைத் தேவைக்குத் தகுந்தபடி இழுத்துக் கொள்வது போல, எழுதி வைத்த வேலையை பிரிண்டர் வாங்கிக் கொள்கிறது.

இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1960-களிலேயே, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் உள்ள 'நாசா' விண்வெளி மையத்தின் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களுக்காக 'ஹாஸ்ப்' என்ற புரோகிராம் எழுதப்பட்டது. அந்தப் பெயரில் உள்ள ஓர் எழுத்து ஸ்பூலைக் குறிப்பதுதான். சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் வேலை நடந்த அதே மையம் அது.

இந்த வரிசைதான் தொல்லைக்கும் காரணம். குர்லா அருகே ஒரு லோக்கல் ரெயில் பழுதாகி நின்றால், அதே பாதையில் பின்னால் வரும் வண்டிகளும் சிக்னலில் நிற்கும். நின்ற வண்டியை நகர்த்தாமல் மேலும் 4 வண்டிகளை அனுப்பினால் நெரிசல்தான் கூடும். பட்டனை 5 தடவை அமுக்குவதும் அப்படித்தான்.

பிரிண்டரை அணைத்தால் பிரிண்டர்தான் தூங்கும். கம்ப்யூட்டரில் உள்ள வரிசை அப்படியே விழித்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் வரிசையில் உள்ளவை தானாக அழிவது இல்லை.

நிற்பதற்கு என்ன காரணம்?

பெரும்பாலும் காரணம் சின்னதாகவே இருக்கும். காகிதம் தீர்ந்திருக்கும், அல்லது உள்ளே சிக்கியிருக்கும். மை தீர்ந்திருக்கும். 'வைபை' தொடர்பு அறுந்திருக்கும்.

வயர் மூலம் இணைக்கும் பிரிண்டராக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. வீட்டைப் பெருக்கும்போது வயரைக் கழற்றி, கம்ப்யூட்டரின் வேறு துளையில் செருகி விடுவார்கள். சில சமயம் கம்ப்யூட்டர் அதைப் புது பிரிண்டர் என்று எண்ணி, அதே பெயரோடு 'காப்பி 1' என்று சேர்த்து இன்னொரு பெயரை உண்டாக்கிக் கொள்ளும். நீங்கள் பழைய பெயருக்கே அனுப்பிக் கொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் பிரிண்டரே இருக்காது.

ஆபீசில் வெளிவரும் கடிதம்

இவற்றை எல்லாம் விட ஆபத்தானது, வேறு பிரிண்டருக்கு அனுப்பி விடுவது.

ஆபீஸ் லேப்-டாப்பை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே முதல் பிரிண்டராக வைத்துக் கொள்ளும் வசதி 'விண்டோஸ்' கம்ப்யூட்டரில் இருக்கிறது. பகலில் ஆபீஸ் பிரிண்டரைப் பயன்படுத்தியிருந்தால், இரவில் வீட்டில் அமுக்கும்போதும் அந்தப் பெயரே முன்னால் நிற்கக் கூடும்.

வேறு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தை ஒருவர் அப்படி அனுப்பி விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் காகிதம் வராது. ஏதோ கோளாறு என்று படுத்து விடுவார். மறுநாள் காலை ஆபீசில் லேப்-டாப்பைத் திறந்து இணைப்பு கிடைத்ததும், வரிசையில் காத்திருந்த விண்ணப்பம் அங்குள்ள பிரிண்டரில் வெளியே வரும். முதலில் எடுத்துப் பார்ப்பவர் மேலாளராகவும் இருக்கலாம்!

எனவே பட்டனை அமுக்கும் முன், எந்த பிரிண்டரின் பெயர் இருக்கிறது என்பதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ரத்து செய்வது எப்படி?

காகிதம் வரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, மறுபடி அமுக்காமல் இருப்பதுதான்.

அடுத்து பிரிண்டரைப் பாருங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் பெருக்கல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதுதான் ரத்து பட்டன். அச்சாகத் தொடங்கி விட்ட வேலையை அது நிறுத்தும்.

பிறகு கம்ப்யூட்டரில் உள்ள வரிசையைத் திறக்க வேண்டும். 'விண்டோஸ் 11' கம்ப்யூட்டரில் அதற்கான வழி வருமாறு:-

'செட்டிங்ஸ்' பகுதியில் 'புளூடூத் அண்டு டிவைசஸ்' என்பதைத் திறக்க வேண்டும். அதில் 'பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்' இருக்கும். அங்கே உங்கள் பிரிண்டரின் பெயரை அமுக்கினால் 'ஓப்பன் பிரிண்ட் கியூ' என்று வரும். அதைத் திறந்தால் காத்திருக்கும் வேலைகள் எல்லாம் பட்டியலாகத் தெரியும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து 'கேன்சல்' கொடுக்க வேண்டும். மொத்தமாக ரத்து செய்யவும் வசதி உண்டு.

'ஆப்பிள்' கம்ப்யூட்டரில், பிரிண்ட் கொடுத்ததும் திரையின் ஓரத்தில் பிரிண்டரின் சின்னம் தோன்றும். அதைத் திறந்து, வேலையின் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அமுக்கினால் போதும்.

'ஆண்ட்ராய்டு' செல்போனில் இருந்து அனுப்பியிருந்தால், திரையை மேலிருந்து கீழே இழுங்கள். அறிவிப்புகளுக்கு நடுவே அந்த வேலையும் தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம்.

போக மறுத்தால்?

சில சமயம் ரத்து கொடுத்தும் வேலை போகாது. 'டெலிட்டிங்' என்று எழுதிக் கொண்டு, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' செய்தால் சில சமயம் சரியாகும். சரியாகவில்லை என்றால் ஸ்பூலரையே நிறுத்தி, குப்பையை அள்ள வேண்டும்.

'விண்டோஸ்' தேடும் பெட்டியில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நீண்ட பட்டியல் வரும். அதில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதைத் தேடி 'ஸ்டாப்' கொடுக்க வேண்டும்.

பிறகு சி டிரைவில் 'விண்டோஸ்', அதற்குள் 'சிஸ்டம் 32', அதற்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'பிரிண்டர்ஸ்' என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறக்க வேண்டும். அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும். கடைசிப் பெட்டிக்குள் இருக்கும் பைல்களை மட்டும் அழிக்க வேண்டும். பெட்டியை அழித்து விடக் கூடாது. மற்ற பெட்டிகளில் எதையும் தொடவும் கூடாது.

அதன் பிறகு 'சர்வீசஸ்' பட்டியலுக்குத் திரும்பி, ஸ்பூலருக்கு 'ஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். இதை மறந்தால் புதிதாக எதையும் அச்சிட முடியாது.

இப்படிச் செய்தால், அந்தக் கம்ப்யூட்டரில் காத்திருந்த வேலைகள் அத்தனையும் போய் விடும். வீட்டில் வேறு யாராவது அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டு விட்டுச் செய்யுங்கள்.

பிளக்கைப் பிடுங்காதீர்கள்

வேண்டாத பக்கங்கள் மளமளவென்று வரத் தொடங்கினால் பலர் ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்குவார்கள். அது தவறு.

மை பீச்சும் பிரிண்டரில், மை வரும் முனை வேலை முடிந்ததும் ஓரத்துக்குப் போய் ஒரு மூடிக்குள் அடங்கும். நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் முனை மூடியில்லாமல் நின்று விடும். மை காய்ந்து துளைகள் அடைத்துக் கொள்ளும். 2 பக்கத்தை மிச்சம் பிடிக்கப் போய், பிரிண்டருக்கே வைத்தியம் பார்க்க நேரிடும். பிரிண்டரில் உள்ள பட்டனால் அணைத்தால் முனை ஒழுங்காக மூடிக்குள் போன பிறகே எந்திரம் அணையும்.

'லேசர்' பிரிண்டரில் மைப்பொடியைச் சூட்டினால்தான் காகிதத்தில் ஒட்ட வைக்கிறார்கள். பாதியில் நின்ற காகிதத்தில் பொடி ஒட்டாமல் இருக்கும். தொட்டால் கையிலும் துணியிலும் அப்பிக் கொள்ளும். உள்ளே சில பாகங்கள் கொதிக்கும் சூட்டில் இருக்கும். அணைத்து, ஆற விட்டு, காகிதம் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும்.

பாதியில் அணைத்த பிரிண்டரை மறுபடி போட்டதும், பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் வருவதும் உண்டு. பேய் பிடிக்கவில்லை. கடிதத்தின் முன்பகுதி போய், மிச்சம் உள்ள பகுதி மட்டும் வருவதால் பிரிண்டருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. வரிசையைக் காலி செய்து, பிரிண்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் நின்று விடும்.

கடையில் எடுக்கிறீர்களா?

சொந்த பிரிண்டர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கடையில் ஆதார் நகல் எடுக்கப் போகிறீர்கள். பிரிண்டர் மக்கர் செய்கிறது. "அப்புறம் வாங்க" என்கிறார் கடைக்காரர். நீங்கள் வேறு கடைக்குப் போய் விடுகிறீர்கள். ஆனால் உங்கள் ஆதார் அந்தக் கடையின் வரிசையில் நிற்கிறது. நீங்கள் போன பிறகு அது வெளியே வரும். யார் எடுப்பார்களோ?

எனவே கிளம்பும் முன் 2 காரியங்களைக் கேட்டுச் செய்து கொள்ளுங்கள். வரிசையில் உள்ளதை ரத்து செய்யச் சொல்லுங்கள். செல்போனில் இருந்து அனுப்பிய பைலை, அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்ற நகலையும் ஆதார் இணைய தளத்தில் எடுக்கலாம். அது போதும் என்கிற இடத்தில் அதைக் கொடுப்பதே பத்திரம்.

அச்சான பிறகும் நகல்

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள நகலை வழக்கமாக அழித்து விடும். ஆனால் 'விண்டோஸ்' பிரிண்டர் அமைப்பில் 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், அச்சான பிறகும் அது வரிசையிலேயே இருக்கும். பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அந்த டிக்கை எடுத்து விட வேண்டும்.

திருடர்களுக்கும் ஸ்பூலர் ஒரு வாசலாக இருந்தது உண்டு. 2021-ம் ஆண்டு 'விண்டோஸ்' ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. அதன் வழியாக, வெளியாட்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அதைத் தங்கள் வசப்படுத்த முடியும் என்ற நிலை இருந்தது. 'மைக்ரோசாப்ட்' கம்பெனி அந்த ஆண்டு ஜூலை மாதம் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. 'அப்டேட்' கேட்டால் தள்ளிப் போடாமல் செய்து விட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமுக்கிய உத்தரவு ஒன்று, கையில் வந்த காகிதம் ஒன்று என்று கணக்கு நேராக வேண்டும். வரவில்லை என்றால் அது எங்கோ காத்திருக்கிறது என்று பொருள். தேடிப் பிடித்து ரத்து செய்து விட்டு எழுந்திருங்கள். 2 நிமிட வேலைதான். காகிதம் மிச்சம், மை மிச்சம், மானமும் மிச்சம்!