நைகர் நதியின் வெள்ளக்காலப் படகு: ஒரு சமூகவியல் நோக்கு

மேற்கு ஆபிரிக்காவின் நைகர் நதி பற்றிப் பேசப்படும்போதெல்லாம் முதலில் எடுத்துரைக்கப்படும் பெயர் மங்கோ பார்க் என்பதாகும். 1796இல் அவர் செகு நகரருகே அந்நதியைக் கண்டதையே ஐரோப்பிய வரலாறுகள் பெருஞ் சாதனையாகக் கூறிவந்தன. ஆயின் அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தி, 1353ஆம் ஆண்டளவில், இபின் பதூதா திம்பக்துவிலிருந்து காவோ வரை அந்நதியிற் படகேறிச் சென்றார். 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தவர் என்ற வகையில் இவர் நமக்கு அறிமுகமானவரே. ஒற்றை மரத்திற் குடைந்த வள்ளத்திற் சென்றதாகவும், இரவுதோறும் ஒரு கிராமத்திலே தங்கி, உப்பும் வாசனைப் பொருள்களும் கண்ணாடி மணிகளும் கொடுத்து உணவு பெற்றதாகவும் அவர் கூறுவர். கிராமங்களைப் பிணைத்த வணிகப் பாதையாக அந்நதி அன்றே விளங்கியது என்பது இதனாற் பெறப்படும். பிற்காலத்தில் மாலி நாட்டின் கூலிக்கோரோவுக்கும் காவோவுக்குமிடையே, ஏறத்தாழ 1,300 கிலோ மீற்றர் தூரத்தை ஒரு வார அளவிற் கடந்துவந்த பயணிகள் படகை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

முதலில் நதியின் இயல்பு. கினி நாட்டு மலைகளில், அத்திலாந்திக் கடலிலிருந்து 240 கிலோ மீற்றர் அளவு தூரத்திலேயே தோன்றும் நைகர், அக்கடலை நாடாது வடகிழக்கே சகாரா விளிம்பு வரை சென்று, அங்கே வளைந்து, 4,180 கிலோ மீற்றர் ஓடிக் கினி வளைகுடாவிற் கலக்கிறது. இடைவழியிலே மாலியின் உள்நாட்டுக் கழிமுகச் சமவெளியிற் பரந்து, நல்ல ஆண்டுகளில் 20,000 சதுர கிலோ மீற்றருக்கும் மேற்பட்ட நிலத்தை மூடுகிறது. கூலிக்கோரோவிற் செப்டெம்பர் அளவில் உச்சமடையும் வெள்ளம், திம்பக்துவை அடைய திசெம்பர், சனவரி ஆகிவிடும். மழை முற்றாக ஓய்ந்துவிட்ட வரண்ட நிலத்திற்கு மழைநீர் பிந்தி வந்து சேர்கிறது. இத்தாமதமே அம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். பெரிய படகு ஓடுவதும் இவ்வெள்ளக் காலத்தில் மாத்திரமே.

கரையோரக் கிராமங்களின் உழைப்புப் பிரிவினையும் வெள்ளத்தைத் தழுவியதே. போசோ மக்கள் மீன்பிடிப்போர். பம்பரா, சொங்காய் மக்கள் பயிர்செய்வோர். பூலானியர் மந்தை மேய்ப்போர். நீர் ஏறுகையில் நெல்லும் மீனும், நீர் வடிகையிற் புல்லும் என ஒரே நிலம் பருவந்தோறும் வெவ்வேறு உழைப்பாளருக்குப் பயன்தருகிறது. நீர் வடியுங் காலத்தில் தியாபராபேயில் மந்தைகள் நதியை நீந்திக் கடக்கும் நாள் ஆண்டுதோறும் கூடிப் பேசியே நிர்ணயிக்கப்படும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் சேக்கு அகமது நிறுவிய மாசினா அரசு, மேய்ச்சல் நிலங்களையும் மந்தைப் பாதைகளையும் விதிகளுக்குட்படுத்தியது. எனினும் இதனைச் சமத்துவ சமுதாயமெனக் கொள்ளல் தவறாகும்; பூலானியப் பிரபுக்களின் வயல்களில் உழைத்தோர் ரிமாய்பே எனப்பட்ட அடிமைக் குடியினரே.

இவ்வுற்பத்தி அனைத்தையும் சந்தைக்கு இணைத்தது படகு. அதன் மேற்றட்டு அறைகள் வசதிபடைத்தோருக்கும், சரக்கு மூடைகளிடையே அமைந்த கீழ்த்தட்டு ஏழை மக்களுக்கும் உரியனவாக இருந்தன. சமூகத்தின் வர்க்க அமைப்பு படகிலும் அவ்வாறே பிரதிபலித்தது. படகு கரைசேரும் இடங்களிற் சிறுவள்ளங்கள் சூழ்ந்துகொள்ளும். பெண்கள் கருவாடும் பாலும் மட்பாண்டமும் விற்பர். சகாராவின் தாவுதெனிச் சுரங்கங்களிலிருந்து ஒட்டகங்களில் திம்பக்துவுக்கு வந்த உப்புப் பாளங்கள் நதிவழியே மொப்திச் சந்தையை அடையும். நல்ல பாதையற்ற கிராமத்திற்கு நெல், மருந்து, கடிதம், உறவினர் யாவும் இவ்வழியே வந்தன.

பிரெஞ்சு ஏகாதிபத்தியம் நதியை வேறு கண்கொண்டு பார்த்தது. 1904இற் செனகல் நதியின் காயெஸ் நகரிலிருந்து கூலிக்கோரோ வரை இருப்புப் பாதை நிறைவேறியது. 1932இல் 'நைகர் அலுவலகம்' அமைக்கப்பட்டது. பிரெஞ்சு ஆலைகளுக்குப் பருத்தி விளைவிப்பது அதன் தலையாய நோக்கங்களில் ஒன்று. 1947இல் நிறைவுற்ற மார்க்கலா அணை கட்டாய உழைப்பின்மீது எழுந்தது. நீர் பாய்ந்த நிலங்களுக்கு இன்றைய புர்க்கினா பாசோவிலிருந்து மோசி மக்கள் வலிந்து கொண்டுவரப்பட்டனர். சுதந்திரத்தின் பின்னரும், 1982இற் செயற்படத் தொடங்கிய செலிங்கே அணை முதலாக, மேல்நதித் திட்டங்கள் தொடர்ந்தன. மின்சாரமும் பாசனமும் தேவையானவையே. ஆயினும் மேலே தேக்கப்படும் ஒவ்வொரு பங்கு நீரும் கீழே பரவவேண்டிய வெள்ளத்திலிருந்து கழிக்கப்படுவதாகும். 1973, 1984 ஆம் ஆண்டுகளின் கடும் வரட்சியில், வெள்ளம் குன்றினால் மீனும் மந்தையும் ஒருங்கே அழியும் என்பதை அம்மக்கள் அனுபவித்தறிந்தனர்.

2012இன் பின் போர் நதியையும் பற்றிக்கொண்டது. தரைவழி ஆபத்தானதாகவே, மக்கள் படகையே பெரிதும் நம்பினர். 2023 செப்டெம்பர் 7ஆம் நாள், திம்பக்துவுக்கும் காவோவுக்குமிடையே 'தொம்புக்து' என்னும் பயணிகள் படகு ஆயுதக் குழுவினராற் தாக்கப்பட்டது. அப்படகின்மீதும் பம்பாவிலிருந்த இராணுவ நிலையின்மீதும் அன்று நிகழ்ந்த தாக்குதல்களில் 49 குடிமக்களும் 15 படையினரும் மாண்டதாக அரசு அறிவித்தது.

நதியின் அழகை வியந்து திரும்பும் உல்லாசப் பயணிக்குப் படகு ஒரு வாய்ப்பு மட்டுமே. கரையில் வாழ்வோருக்கோ அது வாழ்வுரிமை. அவ்வுரிமை வெள்ளம் வருவதிலும், வழி அச்சமற்றிருப்பதிலும் தங்கியுள்ளது. மேலே எவ்வளவு நீரைத் தேக்குவது என்ற தீர்மானத்திற் போசோ மீனவரும் பூலானிய மேய்ப்பரும் சொங்காய் உழவரும் பங்குபெறாதவரை, நதியின் 'அபிவிருத்தி' என்பது அவர்களைப் பொறுத்தவரை இன்னுமோர் இழப்பின் பெயராகவே இருக்கும்.