படை பெற்றுத் தரும் தன்னாட்சி யாருக்குச் சொந்தம்?

ஓர் இனம் ஒடுக்கப்படும்போது வல்லரசு ஒன்று படை அனுப்பித் தன்னாட்சி பெற்றுத் தந்தால் அதில் தவறென்ன? குர்து மக்களைப் பற்றிப் பேசும்போது, சேவூரில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர்கள் எழுப்பும் வினா இது. விடை தேட நாம் ஈராக் வரை செல்ல வேண்டியதில்லை.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் உடன்படிக்கை செய்துகொண்டனர். அது ஈழத் தமிழரின் உரிமை பற்றியது. ஆனால் கையெழுத்திட்டோரில் தமிழர் தரப்பு இல்லை. அதன்படி சென்ற இந்திய அமைதி காக்கும் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் உயிரிழந்திருந்தனர்.

எஞ்சியது இலங்கை அரசமைப்பின் 13ஆவது திருத்தம். அது மாகாண சபைகளை உருவாக்கியது. ஆனால் ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர்; நிலம், காவல்துறை மீதான அதிகாரங்கள் ஏட்டளவிலேயே நின்றன. இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கு மாகாணத்தை 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பிரித்தது. உடன்படிக்கைக்குப் பொறுப்பேற்ற இந்தியாவால் அதைத் தடுக்க இயலவில்லை.

குர்துகளின் கதையும் இதற்கு நெருக்கமானதே. 1988இல் ஹலப்ஜாவில் சதாம் உசேனின் படை நச்சு வாயு வீசியபோது உலகம் மௌனம் காத்தது. 1991இல் வடக்கு ஈராக்கில் அமெரிக்காவும் நேச நாடுகளும் விதித்த விமானப் பறப்புத் தடை பல உயிர்களைக் காத்தது. இதை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் 2017இல் குர்துகள் விடுதலைக்கு வாக்களித்த அடுத்த மாதமே ஈராக்கியப் படை கிர்குக்கைக் கைப்பற்றியது, அமெரிக்கா தடுக்கவில்லை. 2019இல் சிரிய எல்லையிலிருந்து அமெரிக்க வீரர்கள் விலகியதும் துருக்கிப் படை உள்ளே புகுந்தது. தலையிடும் நாடு உயிர்களைக் காக்கக்கூடும். தன்னாட்சியைத் தன் நலன் உள்ளவரையே காக்கும்.

நமக்கு இன்னொரு வினாவும் உண்டு: தன்னாட்சிக்குள் யார் ஆள்வது? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையப் போராடிய தலித்துகளைத் தடுத்தவர்களும் தமிழரே. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

இங்கேயும் ஒப்பந்தம் செய்வதும் படை அனுப்புவதும் ஒன்றிய அரசின் அதிகாரம். நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதலை நம் அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆகவே வினவும் பொறுப்பு குடிமக்களுடையது. படை அனுப்பப்படும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியவை இவை: பாதிக்கப்படும் மக்கள் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தார்களா? படை திரும்பிய பின் அதிகாரத்தைக் காக்கும் சட்டம் எது? அம்மக்களுள் அடித்தட்டில் இருப்போருக்கு அச்சட்டத்தில் இடம் உண்டா? இவற்றுக்கு விடையின்றி அளிக்கப்படும் தன்னாட்சி, அளித்தவர் கையிலேயே தங்கிவிடும்.